மாற்ற வேண்டாம் என்று எழுதிய சீட்டு

ஒரு மருந்துச் சீட்டு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது பெயரை அல்ல, நோயையும் அல்ல. இதை எழுத வைத்தது யார் என்றுதான் பார்ப்பேன். அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய டாலிகஞ்சில் பத்தொன்பது வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறவளுக்கு வந்த வியாதி அது. எந்த டாக்டரின் பேனா எந்தக் கம்பெனிக்காக ஓடுகிறது என்று சீட்டை விரித்த உடனே சொல்லிவிடுவேன். போன மாதம் வரை ஒரே இருமல் மருந்தை எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று வேறொன்றுக்குத் தாவினால், நடுவில் ஒரு கறுப்புப் பை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். தோளில் பை, கழுத்தில் டை, இந்தப் புழுக்கத்திலும் பளபளவென்று ஷூ. மருந்துக் கம்பெனியின் விற்பனை ஆள், ரெப். கிளினிக் வாசலில் நோயாளியோடு நோயாளியாக உட்கார்ந்திருப்பார்கள். காய்ச்சல்காரன் எழுந்து நிற்பதற்குள் இவர்கள் உள்ளே போய்விட்டு வந்துவிடுவார்கள்.

சும்மா சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் சாம்பிள் அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கும். அந்த எழுத்தை பிளேடால் சுரண்டிவிட்டு என்னிடமே விற்க வந்த ஆட்களை இந்த வாயாலேயே விரட்டியிருக்கிறேன். ஒரு டாக்டர் வீட்டு ஹாலில் கம்பெனி பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஹாலில் கடிகாரம் என்றால் உள்ளறையில் என்னவெல்லாம் இருக்குமோ, யார் கண்டது? நெருப்பில்லாமல் புகையுமா?

டெல்லியில் புது விதிமுறை கொண்டுவந்திருப்பதாகச் செய்தியில் சொன்னபோது கடையில் இருந்த சின்ன டிவியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். டாக்டர்களுக்குக் கம்பெனி பரிசு கொடுக்கக் கூடாதாம். குடும்பத்தோடு ஊர் சுற்ற அழைத்துப் போகக் கூடாதாம். சாம்பிள் யாருக்கு எவ்வளவு போனது என்று குறித்து வைக்க வேண்டுமாம். இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோம் என்று கம்பெனிகளே தங்களைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதை.

பக்கத்து டீக்கடை வங்காளி தாதா எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா தீதி?" என்றார். என்ன ஆச்சு அக்கா என்று கேட்கிறார். தாதா என்றால் அண்ணன். எங்கள் ஊரில் தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லாருக்கும் நடுவில் ஹிந்திதான் ஓடும். "டெல்லியில் சட்டம் போட்டிருக்கிறார்கள் தாதா. நம் தீவுக்கு அதுவும் கப்பலில்தான் வந்து சேர வேண்டும். வழியிலேயே பாதி நனைந்துபோகும்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே டீயை ஆற்றினார். அவருக்கு என் வாய் பழகியதுதான்.

இந்தக் கதை என் தங்கையைப் பற்றியது. எனக்கும் அவளுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். நாங்கள் நிக்கோபாரில் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து திருப்பி அனுப்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா அம்மா இன்னமும் கட்சாலில்தான் இருக்கிறார்கள். சுனாமி அன்று தங்கைக்கு எட்டு வயது. தண்ணீர் இழுத்துக்கொண்டு வந்த மரச்சட்டம் ஒன்று அவள் தலையில் அடித்தது. உயிர் தங்கியது, கூடவே வலிப்பும் தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் விழுந்தாள். பஸ்ஸில் விழுந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு விழுந்தாள். கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "மாப்பிள்ள மூஞ்சியப் பாத்து மயங்கிட்டான்னு சொல்லிரு அக்கா" என்றாள். அப்படிப்பட்ட பிள்ளை.

போர்ட் பிளேரில் சாயங்காலம் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர்தான் அவளை நிமிர்த்தினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. ஒரு மாத்திரை கொடுத்துப் பார்த்தார், இன்னொன்று சேர்த்தார், அளவைக் கூட்டினார், குறைத்தார். கடைசியில் ஒரு கம்பெனியின் மாத்திரையில் வந்து நின்றார். அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் அவள் விழவே இல்லை. அந்தத் தைரியத்தில் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலைக்கு விண்ணப்பித்தாள். வரவேற்பு மேஜையில் வேலை. நேர்முகத் தேர்விலேயே, "எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது" என்று மேனேஜர் அம்மாளிடம் சொல்லிவிட்டாள். ஏன்டி சொன்னாய் என்று நான் அடிக்காத குறை. மேனேஜர் அம்மாள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லி, படித்துப் பார்த்து, வேலை கொடுத்தார். அங்கேயே ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நெஞ்சில் குத்திக்கொள்ளப் பெயர்ப் பட்டை. முதல் நாள் அந்தப் பட்டையைக் குத்திக்கொண்டு எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாள். அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினேன்.

அவளுடைய மருந்துச் சீட்டின் அடியில் டாக்டர் எப்போதும் ஆங்கிலத்தில் ஒன்று எழுதுவார்: 'மாற்ற வேண்டாம்.' அதற்குக் கீழே இரண்டு கோடு. அதாவது, கடைக்காரர் இதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுக்கக் கூடாது.

அது ஏன் என்று எனக்குத் தெரியாதா? படித்ததுதான். எத்தனையோ வியாதிகளுக்கு மலிவான கம்பெனி மருந்தும் விலை கூடினதும் ஒன்றுதான், தாராளமாக மாற்றலாம். ஆனால் சில வலிப்பு மருந்துகளில், மருந்து அதே மருந்தானாலும், ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவினால் சிலருக்கு ரத்தத்தில் ஏறும் அளவு கொஞ்சம் மாறிவிடும். அந்தக் கொஞ்சம் போதும், விழுவதற்கு. மாற்றுவதானால் டாக்டர் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கடையில் உட்கார்ந்த பிறகு அதையே ரெப்புகள் வேதம் மாதிரி ஓதக் கேட்டேன். "எங்க மாத்திரைய மட்டும் மாத்தவே கூடாது மேடம், சயின்ஸ் மேடம்." கேட்டுக் கேட்டு, எது பாடம் எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்கும் புத்தி என்னிடமிருந்து போய்விட்டது. அந்த இரண்டு கோட்டைப் பார்த்தால் எனக்கு டாக்டரின் கை தெரியாது, ரெப்பின் கைதான் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் தங்கை போன் செய்தாள். குரலில் அத்தனை குஷி.

"அக்கா, நம்ம டாக்டரு குடும்பத்தோட எங்க ரிசார்ட்டுக்கு வந்திருக்காரு! நல்லாருக்கியாம்மா, மாத்திர ஒழுங்கா சாப்புடுறியான்னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டாரு."

"எத்தன நாளு தங்குறாரு?"

"மூணு நாளு. கடலப் பாத்த காட்டேஜு. புள்ளைங்க ரெண்டும் கடலுக்கடியில மீன் பாக்கணும்னு துள்ளிக்கிட்டிருக்குங்க."

"பில்லு யாரு பேருல?"

"ஐயோ, கெஸ்ட் விஷயமெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுக்கா."

"நான் வெளி ஆளா? சொல்லுடி."

"ஏதோ கம்பெனி. ட்ரெய்னிங் ப்ரோகிராம்னு போட்டிருக்கு. எம் மாத்திர அட்டையில இருக்கே, அதே பேருதான்."

ட்ரெய்னிங்! பெண்டாட்டிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கடலுக்கடியில் மீன் பார்க்க ட்ரெய்னிங்! டெல்லி விதியில் என்ன போட்டிருந்ததோ அதை வரிக்கு வரி மீறிக்கொண்டு மனிதர் மணலில் வீடு கட்டுகிறார். இவர் மீன் பார்ப்பதற்காகவா என் தங்கை ஆயுசு முழுக்க அந்தக் கம்பெனி மாத்திரையைத் தின்ன வேண்டும்? போனை வைத்ததும் அவளுடைய பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு கோடும் என்னைப் பார்த்துப் பல்லை இளிக்கிற மாதிரி இருந்தது.

அதே வாரம் அண்ணாச்சி வந்தார். சென்னையிலிருந்து மருந்து இறக்கி எங்களைப் போன்ற கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி, தூத்துக்குடிக்காரர். அதே வலிப்பு மருந்தை வேறொரு கம்பெனி புதிதாக இறக்கியிருக்கிறது, விலையும் குறைவு, குறிப்பிட்ட அளவு பெட்டி எடுக்கிற கடைக்குச் சென்னை போய்வர விமான டிக்கெட் என்றார். தீவுக்காரர்களிடம் தங்கக் காசைக் காட்டினால்கூட யோசிப்பார்கள். மெயின்லேண்ட் டிக்கெட் என்றால் மயங்காத ஆள் கிடையாது. அந்த மாதம் சென்னையில் என் கல்லூரித் தோழியின் மகளுக்குக் கல்யாணம் வேறு.

"டாக்டருக்குக் குடுக்கப்பிடாதுன்னு சொல்லுதாங்களே அண்ணாச்சி, கடைக்கு மட்டும் குடுக்கலாமா?" என்று அவர் பாஷையிலேயே கிண்டலாகக் கேட்டேன்.

"தங்கச்சி, அவுகளுக்குக் குடுத்தாத்தான் தப்பு. நமக்குக் குடுக்கது ஏவாரம்லா" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் வாங்கினால் கையூட்டு, நான் வாங்கினால் வியாபாரம். பெட்டிகளை இறக்கச் சொன்னேன். வேறு நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன்னால் என் தங்கைக்கே மாற்றினேன். சொந்த ரத்தத்துக்கே கொடுக்கிறேன் என்றால் என் மனசு சுத்தம்தானே என்று ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவளிடம் என்ன சொல்வது? தீவில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உருளைக்கிழங்கு இல்லையா, ஷிப் வரவில்லை. சிமென்ட் இல்லையா, ஷிப் வரவில்லை. கேட்ட செருப்பு சைஸ் இல்லையா, அதற்கும் ஷிப் வரவில்லை. யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். எல்லாருக்கும் ஒரு தடவையாவது அது உண்மையாக இருந்திருக்கிறது. மாதாமாதம் அவளுக்கு மாத்திரையைப் பொட்டலம் கட்டி, ஹேவ்லாக் படகில் போகிற தெரிந்தவர் யார் கையிலாவது கொடுத்து அனுப்புவேன். அந்த மாதமும் அனுப்பினேன்.

பொட்டலம் பிரித்த உடனே போன் செய்தாள். "அக்கா, அட்ட வேற கலரா இருக்குது?"

"ஷிப் வரல. பழைய கம்பெனி ஸ்டாக் இல்ல. இதுவும் அதே மருந்துதான், சாப்புடு."

"சரிக்கா" என்றாள்.

மூன்றாவது வாரம் நான் சென்னையில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அம்மாளிடமிருந்து போன். வரவேற்பு மேஜையில் சாவியை எடுத்துக் கொடுக்கும்போது தங்கை அப்படியே பின்னால் விழுந்திருக்கிறாள். பெட்டி தள்ளும் வண்டியின் விளிம்பில் பட்டு நெற்றி பிளந்து நாலு தையல். நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தம். குழந்தைகள் அலறியிருக்கின்றன. யாரோ ஒரு விருந்தாளி அதைப் போனில் படம் பிடித்தானாம். அவன் கை விளங்காமல் போக! நான் இலையை மூடாமலே எழுந்தேன். டிக்கெட்டின் தேதியை மாற்றி அடுத்த நாள் முதல் விமானத்தில் ஏறினேன். கூட வேலை செய்கிற ஒரு பெண் தங்கையைப் படகில் கூட்டிவந்து டாலிகஞ்சில் என் வீட்டில் விட்டுப் போயிருந்தாள்.

நெற்றியில் கட்டு, கண்ணைச் சுற்றி நீலம். நாக்கு வீங்கிப் பேச்சு குழறியது. முதல் வார்த்தையே வேலையைப் பற்றித்தான். மேனேஜர் அம்மாள் இடத்தைப் பதினைந்து நாள் காலியாக வைத்திருப்பாராம். அதற்குள், இது ஏன் வந்தது, திரும்ப வருமா என்று டாக்டர் கையெழுத்தோடு கடிதம் வேண்டுமாம். இல்லையென்றால் வேறு ஆள். "பாவம், அவங்க நல்லவங்கதான் அக்கா. மேல மொதலாளிக்கு அவங்க பதில் சொல்லணுமே" என்றாள். அந்த வேலை போனால் அவள் திரும்பவும் என் வீட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான். கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொள்ள யாராவது பக்கத்தில் இருக்கவேண்டிய பழைய வாழ்க்கை.

மறுநாள் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், உங்களுக்குத் தெரியாததா? ஏன் மாத்துனீங்க?"

"ஷிப் வரல சார். ஸ்டாக் இல்ல."

வாயில் அதுதான் வந்தது. அவரும் நம்பிவிட்டார். இந்தத் தீவுக்கு வந்து அத்தனை வருஷமாகிவிட்டது அவருக்கும். "ஒரு போன் அடிச்சிருக்கலாமே" என்று எழுந்து பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தார். தட்டுத் தட்டாக சாம்பிள் அட்டைகள். 'விற்பனைக்கு அல்ல' என்ற எழுத்து சுரண்டப்படாமல் அப்படியே இருந்தது. "கப்பல் லேட்டானா என் பேஷன்ட்ஸ் திண்டாடக் கூடாதுன்னுதான் சேர்த்து வெச்சிருக்கேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்போதும் என் பாழாய்ப்போன புத்தி, ஒரே டாக்டருக்கு இவ்வளவு சாம்பிள் கொடுக்க விதியில் இடம் உண்டா என்றுதான் கேட்டது.

பழைய மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். கடிதமும் எழுதினார்: மருந்து வரத்துத் தடைப்பட்டதால் வேறு கம்பெனி மருந்து கொடுக்க நேர்ந்தது, அதனால் வலிப்பு வந்தது. நான் அதைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டேன். அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"இதக் குடுத்தா மேடம் என்னா கேப்பாங்க தெரியுமா? அப்போ ஷிப் திருப்பி லேட்டானா நீ திருப்பி விழுவியான்னு கேப்பாங்க. நான் என்னா சொல்லுறது?"

"அப்புறம் என்ன எழுதச் சொல்லுறே? அவர் நல்ல மாதிரியாத்தானே எழுதியிருக்காரு."

"ஷிப் வந்திச்சு அக்கா."

நான் கடிதத்தை எடுத்து மடிக்கப் போனேன்.

"அந்த வாரம் ஷிப் வந்திச்சு. எங்க ரிசார்ட்டுக்கு சோப்பு, மாவு, பெட்ஷீட்டு எல்லாம் அதுலதான் வந்திச்சு. நானேதான் கையெழுத்துப் போட்டு எறக்கினேன். நீ போன்ல சொல்லும்போதே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டி சாப்பிட்டே?"

"நீ சொன்னே, சாப்பிட்டேன்." நாக்கு வலித்தது போலிருக்கிறது, நிறுத்தி எச்சிலை விழுங்கினாள். "நீ டாக்டர சந்தேகப்பட்டே. ரெப்ப சந்தேகப்பட்டே. டெல்லியக்கூட சந்தேகப்பட்டே. நான் உன்னிய ஒரு வாட்டி சந்தேகப்பட்டிருந்தா விழுந்திருக்க மாட்டேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அடுத்ததாக, "மெட்ராஸ் டிக்கெட்டு யாரு எடுத்துக் குடுத்தா?" என்று கேட்டாள். அண்ணாச்சியையும் பெட்டிகளையும் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல, நான் வியாபாரம் என்று வைத்திருந்த வார்த்தை வாயிலேயே புளித்துப்போனது. கேட்டுவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் சமையலறையில் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் தனியாகக் கிளினிக்குக்குப் போனேன். வாசலில் அந்த மாத்திரைக் கம்பெனியின் ரெப் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "வணக்கம் மேடம்" என்று எழுந்தார். நீங்கள் உட்காருங்கள், இன்றைக்கு நான்தான் முதலில் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

"சார், அந்த லெட்டர மாத்தி எழுதணும். ஷிப் வந்தது. ஸ்டாக் இருந்தது. நான்தான் மாத்துனேன். கடைக்கு டிக்கெட் கெடச்சது, அதனால மாத்துனேன்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தார்.

"மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க. அத எழுதினா உங்க கடைக்குப் பிரச்சினை. மருந்து இன்ஸ்பெக்டர் வரைக்கும் போகும். லைசென்ஸையே கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். ஷிப்னு எழுதுனா எந்தங்கச்சி வேல போகும். கடைக்காரி பண்ணுன தப்பு, இனிமே நடக்காதுன்னு எழுதுனா நிக்கும்."

"அதுக்கில்ல." குரலைத் தணித்தார். "விசாரணைன்னு வந்தா உங்களோட நிக்காது. எந்தக் கம்பெனி யாருக்கு என்ன குடுத்தான்னு எல்லாத்தையும் கிளறுவாங்க."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். பழைய ஆளாக இருந்திருந்தால் அந்த இடத்தில் எனக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். பார்த்தாயா, பிடித்துவிட்டேன் என்று. அன்றைக்கு அந்த ருசியே வரவில்லை. நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"நீங்க ஹேவ்லாக்ல மூணு நாள் இருந்தது எனக்குத் தெரியும் சார். பில்லு யாரு கட்டுனான்னும் தெரியும்."

அவர் முகம் கறுத்தது. "ஆனா அவளுக்கு நான் எழுதின மாத்திரை சரியானது மேடம். அந்த ட்ரிப்புக்கு மூணு வருஷம் முன்னாடியே எழுதினது" என்றார்.

"சரியானதுதான் சார். சாப்பிட்டவளே சாட்சி. ஆனா நீங்க போட்ட ரெண்டு கோடு மருந்துக்குப் போட்டதா, மீனுக்குப் போட்டதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க அங்க போகாம இருந்திருந்தா நான் அந்தக் கோட்ட நம்பியிருப்பேன். நான் டிக்கெட் வாங்காம இருந்திருந்தா, நம்பாட்டியும் உங்களுக்கு ஒரு போனாவது அடிச்சிருப்பேன்."

மேஜை மேலிருந்த கம்பெனி பேனாவைத் தள்ளிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தாரோ, அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ, சத்தியமாகச் சொல்ல முடியாது. ஆனால் எழுதினார். மருந்து கையிருப்பில் இருந்தும், டாக்டரைக் கேட்காமல், கடையில் மாற்றிக் கொடுத்ததால் வலிப்பு வந்தது. சரியான மருந்து தொடர்ந்தால் திரும்ப வரும் வாய்ப்பு குறைவு. கடைப் பெயர் எழுதும் இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். "போடுங்க சார்" என்றேன்.

ஹேவ்லாக் விஷயத்தை அவர் எங்காவது யாரிடமாவது எழுதிக் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. கொடுத்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் என் டிக்கெட்டைப் பற்றி எழுதினேன், அவருடைய மூன்று நாளையும் எழுதினேன். பொறாமையில் எழுதியதாக அவர் சொல்லிக்கொள்ளட்டும். கடைக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சி என் தெருவுக்கே வருவதில்லை. அந்தப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். டீக்கடை தாதா மட்டும், "சட்டம் நனையாமல் உன் கடைக்கே வந்துவிட்டது பார் தீதி" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும்.

மேனேஜர் அம்மாள் கடிதத்தைப் படித்துவிட்டு, இந்தக் கடையை விட்டுத் தள்ளி இரு என்று மட்டும் சொல்லி வேலையைத் திருப்பிக் கொடுத்தாராம். தங்கை அதை என்னிடம் மறைக்காமல் சொன்னாள். அவள் எதையும் மறைக்கிறவள் இல்லை. விடுமுறைக்குப் படகேறி வருவாள், என்னோடு சாப்பிடுவாள், பழையபடி கேலி பேசுவாள். நெற்றியில் தையல் போட்ட தடத்தைக் காட்டி, "மொகத்துக்கு ஒரு கோடு, அடுத்த கோடு நீ போட்டுராத" என்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அவள்தான் சிரிப்பாள்.

போன மாதம் நான் பஸ்ஸில் அபர்தீன் பஜார் வழியாக வந்துகொண்டிருந்தேன். நெரிசலில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு நேரே ஒரு மருந்துக்கடை. விடுமுறைக்கு வந்திருந்த தங்கை அதன் வாசலில் நின்றிருந்தாள். ஒரு கையில் சீட்டு, இன்னொரு கையில் மாத்திரை அட்டை. அட்டையை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து, கம்பெனி பெயரைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தாள். திருப்பித் தேதியைப் பார்த்தாள். கடைக்காரரிடம் என்னவோ கேட்டாள். அவர் பதில் சொன்னதும் தலையாட்டாமல், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பஸ் நகர்ந்தது. என் கடையில் அவள் ஒரு தடவைகூட அட்டையைப் பார்த்து வாங்கியதில்லை.